ஒன்றில் தொடங்கும் டேப்

சந்திரலேகா ஜாக்கெட்டை மேசைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் சாக் துண்டு ஒன்று உருண்டு தரையில் விழுந்தது.

“பாருங்க தம்பி. இதுக்குள்ள நானும் எங்க நாத்தனாரும் சேந்தே நுழைஞ்சுக்கலாம்.”

நாகேந்திரன் எடுத்துப் பார்த்தான். பச்சைப் பட்டு. தையல் சுத்தமாக இருந்தது. அவனுடைய தையல் இல்லை.

“இது நான் தச்சதில்லையே.”

“நீங்க எங்க தச்சீக? பஸ் ஸ்டாண்டு மாஸ்டர் தச்சது. ஆனா அளவு உங்க வீட்டு அளவு. போன மாசம் நோட்டுலேருந்து கிழிச்சுக் குடுத்தீகள்ல, அதை வச்சுத்தான் வெட்டினாரு. கேட்டா சிரிக்கிறாரு. ‘எழுதினவுகளுக்கு டேப்பு பிடிக்கத் தெரியலை, அதுக்கு நான் என்ன செய்ய’ங்கிறாரு.”

நாகேந்திரன் ஜாக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். சந்திரலேகாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“போய்ச் சேந்த பிள்ளையைக் குத்தம் சொல்லலை. ஆனா நாலு பேரு சொல்லத்தான் செய்வாக” என்று ஜாக்கெட்டைச் சுருட்டிக் கைப்பையில் திணித்துக்கொண்டு போனாள்.

கீழே விழுந்த சாக்கை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டாக உடைந்திருந்தது.

அவன் மனைவி தீபலட்சுமி இறந்து பத்து மாதம். காய்ச்சல் என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. முப்பது வயது. குழந்தை இல்லை.

கழனிவாசலில் வீட்டின் முன்னறைதான் கடை. கடை அவளுடையது. நாகேந்திரன் பி.காம். அவன் வேலை பார்த்த செல்போன் கடையை மூடிய வருடம், சும்மா இருக்கிறானே என்று இரண்டாவது மெஷினில் உட்கார வைத்தாள். கை படிந்துவிட்டது. அவள் வெட்டுவாள், அவன் தைப்பான். கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டைவிட்டு ஒரு மயிரிழை விலகாமல் ஓட்டுவான். கோடு போட மட்டும் அவனுக்குத் தெரியாது. டேப்பைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. அது எப்போதும் அவள் கழுத்தில் கிடந்தது.

அவள் போன பிறகு, பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் தைத்தான். அளவு ஜாக்கெட்டைப் பிரித்துத் துணிமேல் போடுவான், சுற்றி சாக்கால் வரைவான், தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுவான். கஞ்சிக்குப் பழுதில்லாமல் ஓடியது. ஆனால் தீபலட்சுமியின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அளவு ஜாக்கெட் கொண்டுவந்தே பழகாதவர்கள். அவள் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதிவிட்டால் போதும், அடுத்த வருடம் துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்து, “நோட்டுல இருக்கே தம்பி” என்றார்கள். நோட்டில் இருந்தது. அவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, வேறு கடையில் கொடுத்துக்கொள்ளச் சொன்னான். இதுவரை மூன்று பக்கம் போயிருந்தது. ஒரு பக்கம் சந்திரலேகாவுடையது.

அன்று மதியமே மெய்யம்மை ஆச்சி வந்தார்.

“நாகேந்திரா, வெள்ளிக்கிழமை எங்களுக்கு மணிவிழா. சின்னவ மலேசியாவுலேருந்து வியாழக்கிழமை காலையில வந்து இறங்குறா. அவளுக்கு இந்தச் சேலைதான். ஜாக்கெட் துணி சேலையோட வந்தது.”

பையிலிருந்து அரக்குப் பட்டுத் துண்டை எடுத்து விரித்தார். ஜரிகைக் கரை கைக்கு வரும்படி இரு ஓரமும் இருந்தது. இன்னொரு துண்டுக்கு வழி இல்லை.

“அளவு ஜாக்கெட் இருக்கா ஆச்சி?”

“எல்லாம் அவகிட்ட அங்கன கிடக்கு. போன வருசம் ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தேன், தீபா பாத்து எழுதிக்கிட்டா. நோட்டுல இருக்கும் பாரு.”

இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம். தீபலட்சுமியின் குண்டுக் கையெழுத்து. மேலே ‘ஆச்சி சின்ன மகள்’. கீழே: உயரம் 14-3. தோள் 14-6. கை 9-5. மார்பு 35-4.

“முடியலைன்னா இப்பவே சொல்லிரு. கோவிச்சுக்க மாட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தர் நல்லாத் தைக்கிறாராம்ல.”

நாகேந்திரன் நோட்டை மூடினான். கிழித்துக் கொடுத்தால் அந்த மாஸ்டர் இன்னொரு தடவை சிரிப்பார். இந்தத் தடவை மணிவிழாப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும்.

“நானே தச்சுத் தாரேன் ஆச்சி.”

“வியாழக்கிழமை சாயங்காலம் போட்டுப் பாக்க வருவா.”

“வரச் சொல்லுங்க.”

ஆச்சி போன பிறகுதான், சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு புது டேப் வாங்கி வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மலிவு லைனிங் துணியில் ஒரு வெள்ளோட்டம் பார்க்க உட்கார்ந்தான். டேப்பின் ஒரு பக்கம் சென்டிமீட்டர். அது தெரியும், பள்ளிக்கூடத்து ஸ்கேல். மறுபக்கம் இஞ்சு. ஒரு இஞ்சுக்குள் குட்டையும் நெட்டையுமாகப் பதினாறு கோடு. பதினான்கு-மூன்று என்றால் பதினான்குக்கு மேல் மூன்று கோடு என்று எண்ணினான். ஒரு தடவை எண்ணி சாக் வைத்தான். மறு தடவை எண்ணியபோது வேறு இடத்தில் வந்தது.

“என்ன மச்சான், எறும்பு எண்றீகளா?”

சரவணக்குமார் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றான். தீபலட்சுமியின் தம்பி. தச்சு வேலை, அப்பாவுக்குப் பிறகு பட்டறை அவன் கையில். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குக் கதவு நிலை செய்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா கொடுத்துவிடும் சாப்பாட்டை இங்கே இறக்கிவிட்டுப் போவான்.

“கோடு எண்றேன் மாப்ள. பதினாலுக்கு மேல மூணு.”

சரவணக்குமார் குனிந்து பார்த்தான். நோட்டைப் பார்த்தான். டேப்பில் இருந்த விரலைப் பார்த்தான்.

“பதினாலு கோட்டையே ஒண்ணுன்னு எண்ணிட்டீக. அது சுழி. அதுக்கு அங்குட்டு இருந்துதான் எண்ணணும். அதை விடுங்க, இது கோட்டுக் கணக்கே இல்ல. அக்கா எங்க வீட்டுக் கணக்குல எழுதியிருக்கு. நூலு.”

“நூலா?”

“ஒரு இஞ்சுக்கு எட்டு நூலு. பட்டறையில அப்படித்தான் பேசுவோம். பதினாலே கால்னா பதினாலு-ரெண்டு. பதினாலரைன்னா பதினாலு-நாலு. அப்பா சொல்லச் சொல்ல அக்காதான் சிலேட்டுல எழுதும். அதே பழக்கம்.”

கட்டை விரல் நகத்தை டேப்பில் வைத்துக் காட்டினான். “எண்ண வேணாம். உசரத்தைப் பாருங்க. நடுவுல நிக்கிற நெட்டை, அரை. அதுக்கு அடுத்த உசரம் ரெண்டு பக்கமும் கால், முக்கால். அதுக்கும் குட்டை, ஒத்தை நூலு. இந்தப் பொடிசு அரை நூலு. துணிக்கு அது தேவையில்ல, விட்டுத்தள்ளுங்க.”

நாகேந்திரன் பார்த்தான். இத்தனை வருடம் வேலிபோலத் தெரிந்தது, இப்போது படிக்கட்டாகத் தெரிந்தது.

“பி.காம்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?”

“இல்ல.”

“மூணு வருசம் அப்புறம் என்னத்தைத்தான் படிச்சீக?”

“பெர்சன்டேஜ்.”

சரவணக்குமார் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “சரி, நான் சொல்றேன், நீங்க விரலை வைங்க. பன்னெண்டு-அஞ்சு.”

வைத்தான்.

“அது பன்னெண்டு-ஆறு. நிலை இறங்காது. ஒம்பது-மூணு.”

வைத்தான்.

“இப்ப நிலை ஆடும். ஒம்பது-ரெண்டுல நிக்கிறீக. அரைக்கு ஒரு நூலு கம்மி எங்க இருக்கு? அங்க வைங்க. ஆங். ஏழு-ஏழு.”

எட்டுக்கு ஒரு படி முன்னால் வைத்தான்.

“இறங்கிருச்சு. முப்பத்தஞ்சு-நாலு.”

இருபது கேள்வியில் ஆறு தவறு. அடுத்த இருபதில் ஒன்று. மூன்றாவது சுற்றில் சரவணக்குமார் வேண்டுமென்றே “பத்து-ஒம்பது” என்றான். நாகேந்திரன் டேப்பில் தேடிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒண்ணு கிடையாது” என்றான்.

“தேறிட்டீக.”

போவதற்கு எழுந்தவன் வெட்டு மேசையைப் பார்த்து, “இது ஒரு கால் ஆடுதே, அடுத்த வாரம் பலகை மாத்தித் தாரேன்” என்று இடுப்பிலிருந்த ஸ்டீல் டேப்பை உருவினான். முனையை மேசை ஓரத்தில் வைக்காமல், ஒன்று என்ற எண்ணை ஓரத்தில் வைத்துப் பிடித்தான்.

“ஏன் அங்க பிடிக்கிற?”

“முனைக் கொக்கி ஆடிப்போச்சு மச்சான். அதுல பிடிச்சா பொய் சொல்லும். அதான் ஒண்ணுல பிடிக்கிறது. வாரதுல ஒண்ணைக் கழிச்சுக்கணும். மறந்தோம்னா போச்சு, மரம் பாழு.” அளவைக் கையில் எழுதிக்கொண்டான். “நீங்க ஒண்ணு செய்யுங்க. பட்டுத் துணியை வெட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்ச அளவு ஒண்ணை அளந்து பாருங்க. அக்கா எழுதினதும் நீங்க அளக்குறதும் ஒண்ணா வருதான்னு.”

எதிர்வீட்டு சீதாலட்சுமி அக்காவின் அளவு ஜாக்கெட் அலமாரியில் கிடந்தது. தீபலட்சுமி அதைப் பார்த்து எழுதிய பக்கமும் நோட்டில் இருந்தது. கொக்கிகளைக் கழற்றி ஜாக்கெட்டை மேசையில் விரித்தார்கள். நாகேந்திரன் அளந்தான், சரவணக்குமார் நோட்டைப் பிடித்துக்கொண்டான்.

“கை, ஒம்பது-ரெண்டு.”

“நோட்டுல பத்து-ரெண்டு. திரும்பப் பாருங்க.”

“ஒம்பது-ரெண்டுதான்.”

“தோள்?”

“பதிமூணு-நாலு.”

“பதினாலு-நாலுன்னு இருக்கு.” சரவணக்குமார் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தான். பதிமூன்று-நான்கு. உயரம் நோட்டில் பதினைந்து, ஜாக்கெட்டில் பதினான்கு. மார்பு நோட்டில் முப்பத்தெட்டு-நான்கு, ஜாக்கெட்டில் முப்பத்தேழு-நான்கு.

நாகேந்திரன் ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான்.

“துணி சுருங்கியிருக்கும்” என்றான் சரவணக்குமார்.

“இருக்கும்.”

“இல்ல அக்காதான் ஏதோ நினைப்புல…” பாதியில் நிறுத்தினான். “சாப்பிடுங்க மச்சான். ஆறிப்போகும்.” வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாகேந்திரன் தூக்கைத் திறந்து சாப்பிட்டான். என்ன குழம்பு என்று கவனிக்கவில்லை. சந்திரலேகா சொன்னது காதில் இருந்தது. எழுதினவுகளுக்கு டேப்பு பிடிக்கத் தெரியலை. ஆனால் நான்கு வருடம் அவள் வெட்டியதை அவன் தைத்திருக்கிறான். தொளதொளவென்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அளவு தப்பு என்றால் ஜாக்கெட் எப்படிச் சரியாக வந்தது?

கை கழுவும்போது பெர்சன்டேஜ் நினைவுக்கு வந்தது. துணி சுருங்கினால் ஒரே விகிதத்தில் சுருங்கும். முப்பத்தெட்டில் ஒரு இஞ்சு போனால் பத்தில் இரண்டு நூல்தான் போக வேண்டும். இங்கே பத்திலும் ஒரு இஞ்சு, முப்பத்தெட்டிலும் ஒரு இஞ்சு. இது சுருக்கம் இல்லை. நினைப்புத் தவறும் இல்லை. நினைப்புத் தவறினால் ஒரு இடத்தில் தவறும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாது.

வாரதுல ஒண்ணைக் கழிச்சுக்கணும்.

ஈரக் கையோடு சற்று நின்றான். பிறகு உள்ளறைக்குப் போய் நாற்காலியில் ஏறி, அலமாரிக்கு மேலே கையை விட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அங்கே கிடந்தது. பத்து மாதமாக முடிச்சு அவிழ்க்கவில்லை. அன்று ஆட்டோவில் ஏறும்போது அவள் கழுத்தில் டேப் இருந்தது. கழற்றி வைத்துவிட்டு வா என்றான். “இருக்கட்டும், சாயங்காலம் வந்து வெட்டணும்” என்றாள்.

பையில் சீப்பு இருந்தது. நான்கு வளையல். பாதி மாத்திரை அட்டை. அடியில், சுருட்டி ரப்பர் போட்ட டேப்.

அதை மேசையில் விரித்தான். முனையில் இருக்க வேண்டிய பித்தளைத் தகடு இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. எலி கடித்ததோ, இஸ்திரிப் பெட்டி சுட்டதோ, கெட்டுப்போன முனையை ஒன்றாம் கோட்டோடு நறுக்கிவிட்டிருக்கிறாள். அதில் தெரிந்த முதல் எண் 2. அந்த எண்ணுக்கும் முனைக்கும் நடுவே ஒரு இஞ்சு.

சீதாலட்சுமி அக்காவின் ஜாக்கெட்டை அந்த டேப்பால் அளந்தான். கை, பத்து-இரண்டு. தோள், பதினான்கு-நான்கு. மார்பு, முப்பத்தெட்டு-நான்கு.

அவள் ஒருபோதும் கழித்ததில்லை. கழிக்கத் தேவை இருக்கவில்லை. அதே டேப்பால் அளந்தாள், அதே டேப்பால் வெட்டினாள். மார்பில் கால் பங்கு வேண்டும் என்றால் வகுக்க மாட்டாள்; முனையை நோட்டில் உள்ள எண்ணோடு சேர்த்து டேப்பை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிப்பாள். அது அவனே தினம் பார்த்ததுதான். கூடுதல் ஒரு இஞ்சு நோட்டில் மட்டும் இருந்தது. துணிக்கு வரவே இல்லை.

நோட்டைக் கிழித்துக் கொடுத்தவன் அவன். டேப்பைக் கொடுக்கவில்லை.

பழைய டேப்பில் முப்பதுக்கு மேல் எண்கள் பாதி அழிந்திருந்தன. முப்பத்தெட்டைக் கோடு நின்ற இடத்தை வைத்துத்தான் படிக்க முடிந்தது. நூற்றெண்பது பக்கத்திலும் உட்கார்ந்து ஒன்றைக் கழித்து எழுதலாம் என்று ஒரு முறை யோசித்தான். பேனாவைக்கூட எடுத்தான். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 14-3ன்மேல் அடிக்கக் கை வரவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தான். புது டேப்பை ஒன்றாம் கோட்டில் பிடித்தான். ஒரே வெட்டு. பித்தளைத் தகடோடு ஒரு இஞ்சு மேசையில் விழுந்தது. கழிவுத் துணிப் பையில் போட்டான். இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முப்பது வரை கோட்டுக்குக் கோடு நின்றது.

புதன்கிழமை லைனிங்கை வெட்டினான். அதை சீதாலட்சுமி அக்காவின் ஜாக்கெட் பக்கத்தில் வைத்து எங்கே கூடும், எங்கே குறையும் என்று கண்ணால் ஒரு முறை ஒப்பிட்டான். பிறகு பட்டுத் துணியை விரித்தான். முதல் வெட்டுக்கு முன் உயரத்தை மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் பதினான்கு-மூன்று ஒரே இடத்தில் வந்தது. வெட்டினான். தைப்பது பழகிய வேலை. மாலைக்குள் கொக்கியும் கட்டிவிட்டான்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஆச்சி சின்ன மகளோடு வந்தார். மகள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பந்தல்காரன் செய்த கூத்தைச் சொன்னார். நாகேந்திரன் தெருவைப் பார்த்து நின்றான். எதிர்வீட்டு வாசலில் ஒரு கோழி எதையோ கிளறிக்கொண்டிருந்தது. அது கிளறி முடிக்கிற வரைக்கும் பார்த்தான்.

கதவு திறந்தது.

“ஆத்தா, தீபா அக்கா தச்ச மாதிரியே இருக்கு.”

“திரும்பு” என்றார் ஆச்சி. மகள் திரும்பினாள். முதுகு ஒட்டி நின்றது. தோள் வழியவில்லை. “தீபா அளவு தப்பாதுன்னு நான் சொன்னேன்ல.”

“இடது கை மட்டும் கொஞ்சம் எறங்கி இருக்கோ?” என்றாள் மகள், கரையைப் பார்த்து.

நாகேந்திரன் பார்த்தான். “ஒரு நூல் எறங்கியிருக்கு. அது என் தப்பு. பத்து நிமிசம் இருங்க, ஏத்தித் தாரேன்.”

ஏற்றிக் கொடுத்தான். போகும்போது ஆச்சி, மணிவிழாவுக்கு வராவிட்டால் வீட்டுக்கே வந்து இழுத்துப் போவேன் என்றார். வருகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை போனான். பந்தியில் சந்திரலேகா எதிர் வரிசையில் இருந்தாள். கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தான்.

“அந்தப் பச்சை ஜாக்கெட்டைக் கொண்டாங்க அக்கா. பிரிச்சு ஒரு இஞ்சு உள்ள பிடிச்சுத் தாரேன். பழைய அளவு ஜாக்கெட் ஒண்ணும் கொண்டாங்க.”

“அப்ப தப்பு யாரு மேல?”

“என் மேல. அளவு சரிதான். நான் டேப்போட குடுத்திருக்கணும்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கிழித்துக் கொடுத்த பக்கத்தைக் கேட்டான். மாஸ்டர் அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டாராம்.

நாகேந்திரன் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். மேலே ‘சந்திரலேகா’ என்று எழுதினான். அந்த நோட்டில் அவன் கையெழுத்து விழுவது அதுதான் முதல் தடவை. அளவு ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றி விரித்து, முனையை ஓரத்தில் வைத்து, டேப்பை மறு ஓரம் வரை நீவினான். முப்பத்தொன்பது-இரண்டு. எழுதினான்.

சந்திரலேகா எட்டிப் பார்த்தாள். “ஏன் தம்பி, எனக்கு முப்பத்தெட்டே காலுதான. அந்த மாஸ்டர்கூட இந்த ஜாக்கெட்டை அளந்து பாத்து அதைத்தான் சொன்னாரு.”

“முப்பத்தெட்டே காலுதான்.”

“முப்பத்தொம்பதுன்னு எழுதுறீக?”

“இந்தக் கடையில அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, கையின் நீளத்தை அளக்க ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டான்.